கொளஞ்சிக்கு எதுகை

போன வாரம் வீட்டு மீட்டர் பலகையை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், பழைய பலகையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "எம்சிபி போட்டாச்சி சார், இது இனிமே எதுக்கு? தூக்கிப் போட்ருங்க" என்றார். நான் போடவில்லை. காதருகே கொண்டுபோய் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். ணங்கென்றது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அப்படித் தட்டித் தட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு காலத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த ணங், விருத்தாசலத்துச் சத்தம். அதைக் கேட்டதுமே மூக்கில் வாசனையும் ஏறிவிட்டது. ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. அச்சில் மண் ஒட்டாமல் இருக்க மண்ணெண்ணெய் தடவி அழுத்துவார்கள். சாயங்காலம் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர் மெதுவாகத் தள்ளி உட்காருவார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் முழுசாகக் கிடைக்கும், நோட்டைப் பிரித்துக்கொள்ளலாம்.

நோட்டு என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்து சேராத, வாங்கியவர்களும் மிஸ்டு கால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு, ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சூளையிலிருந்து வந்த சரக்கைத் தட்டிப் பார்த்து, ணங்கென்ற நல்லதை ஒரு பக்கமும், வெடிச்சதையும் வளஞ்சதையும் இன்னொரு பக்கமும் போடுகிறவன். மனசுக்குள் மட்டும் நான் சினிமாப் பாட்டெழுதப் போகிறவன். சென்னைக்கு ஏழெட்டுப் பாட்டு அனுப்பியும் பதில் இல்லை. விலாசத்தைத் தப்பாக எழுதியிருப்பேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தக் கனவின் ஆயுதம்தான் எதுகை நோட்டு. இருநூறு பக்கம். இரண்டாம் எழுத்து ஒத்துப்போகும் சொற்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதி வைத்திருந்தேன். 'ண்' என்று புரட்டினால் கண், பெண், மண், விண் எல்லாம் வரிசையாக நிற்கும். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஒரு நிமிஷத்தில் ஜோடி பிடித்துவிடுவேன் என்று எனக்கொரு திமிர். கம்பெனியில் வேலை செய்த இருபத்தொரு பெண்களுக்கும் இது தெரியும். மல்லிகா என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம். என்னைப் 'பாட்டு சாரு' என்றுதான் கூப்பிடுவாள். "பாட்டு சாரு, கருவாட்டுக்கு ஒரு ஜோடி சொல்லுங்க பாப்போம்" என்பாள். நானும் மானங்கெட்டு யோசிப்பேன்.

அந்த வருஷம் சூளை எங்களைப் படாத பாடு படுத்தியது. அடுக்கி வைத்ததில் பாதி விரிசலோடு வெளியே வந்தது. சூளைக் கதவைத் திறக்கிற நாள் வந்தாலே எல்லார் முகமும் செத்துப்போகும். முதலாளி கடைசியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தார். நீங்கள் எங்கள் பக்கத்துக்காரராக இல்லாவிட்டால் இது புதிதாக இருக்கும். அந்தச் சாமியிடம் குறையை வாயால் சொன்னால் மட்டும் போதாது. இன்ன ஊர், இன்னார், இன்ன குறை என்று வெள்ளைத் தாளில் மனுவாகவே எழுதி, முனியப்பர் சன்னிதியில் வேலில் கட்ட வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய், தீர்ந்துவிட்டது சாமி என்று பிராதை வாபஸ் வாங்கவும் வேண்டும். கோர்ட்டைவிட வேகம் என்பார்கள்.

முதலாளியின் பிராதுக்குப் பிறகு வைத்த சூளை ஒரு விரிசல் இல்லாமல் வந்தது. ஆச்சரியத்தில் இரண்டாம் தரமும் தட்டிப் பார்த்தேன். அத்தனையும் ணங், ணங். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "ஆயுத பூஜைக்குப் பொம்பளைங்க கும்மி அடிப்பாங்கல்ல, இந்த வருசம் சாமி மேல ஒரு பாட்டு எழுதுய்யா. பேரு கணீர்னு வரணும்" என்றார்.

எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கொளஞ்சி. 'ள' பக்கத்தைப் புரட்டினால் களம், குளம், வளம், இளமை என்று சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கும்மியில் அடி விழுவது 'ளஞ்சி' என்ற இடத்தில். கையும் காலும் அங்கேதான் சேரும். களம், குளம் எல்லாம் அதன் பக்கத்தில் நொண்டின. நாலு நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்து, 'களஞ்சியம்' என்ற ஒரே சொல்லைக் கண்டுபிடித்தேன். அதன் தெம்பில் 'இளஞ்சிங்கம்' என்று இன்னொன்றை நானே ஒட்டுப்போட்டேன். 'கொளஞ்சியப்பா கொளஞ்சியப்பா, அருட்களஞ்சியமே கொளஞ்சியப்பா' என்று தொடங்கி, வரிக்கு வரி பெயரையே போட்டு நிரப்பி, மூன்று பக்கப் பாட்டை முடித்தேன்.

டீ நேரத்தில் மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்க, கணீரென்று படித்துக் காட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். சிலர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனம் அக்கா எழுந்து தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய்விட்டார்.

தனம் அக்கா கம்மாபுரம் பக்கத்து ஊர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் குரலுக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியாது. வேலை செய்துகொண்டே லேசாக முனகினாலும் அச்சு மெஷின் சத்தத்தையும் மீறி ஷெட்டின் அந்தக் கோடி வரை தெளிவாகக் கேட்கும். கும்மியில் ஒருத்தி முன்னால் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த ஒருத்தி எப்போதும் தனம் அக்காதான்.

"பாட்டு நல்லா இல்லியா?" என்றேன்.

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ் பாட்டு சாரு, அக்கா வூட்டுக்காரரு பேரு என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதே."

"அதான் நீ நாப்பது தரம் எழுதி வச்சிருக்கியே. அதே பேருதான்."

அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. தனம் அக்கா அந்தச் சாமியை 'மணவாளநல்லூர் சாமி' என்று மட்டுமே சொல்வார். வயலுக்குத் தழையுரமாகப் போடும் கொளுஞ்சிச் செடியைக்கூட 'அந்தத் தழ' என்பார். நான் அதைப் பக்தி என்றும் மறதி என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்தில் பெண்கள் மனசில் ஊறிப்போன நம்பிக்கை. அதிலும் அக்காவின் நிலைமை வேறு. வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவர் எட்டு மாதமாகப் போனே செய்யவில்லை. கடிதாசும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், அவர் ஆயுசைக் குறைக்கும் என்று நம்புகிற ஒரு சொல்லை நாற்பது தரம் சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "வேற யாரையாவது பாடச் சொல்றேங்கா. மும்தாஜ் பாடட்டும்" என்றேன். மும்தாஜ் நல்ல பெண், ஆனால் அவள் குரல் கொஞ்சம் சைக்கிள் பம்பு மாதிரி.

தனம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சாமிகிட்டதான் நானும் பிராது கட்டிருக்கேன் தம்பி. அது மேல பாடுறப்ப நான் வாய மூடிக்கிட்டு நின்னா, அது என்னா நெனைக்கும்? நான்தான் பாடணும். ஆனா அந்தப் பேரு மட்டும் என் வாயால வராது. நீ படிச்சவன், எதுனா பண்ணு" என்றார்.

நீங்கள் நினைப்பது எனக்கும் தோன்றியது. இது என்ன பெரிய விஷயம், பெயர் வரும் இடத்தில் அக்கா நிறுத்திக்கொள்ளட்டும், மற்றவர்கள் சொல்லட்டும். ஒத்திகை பார்த்தோம். பாதிப் பேர் முந்திக்கொண்டார்கள், பாதிப் பேர் பிந்தினார்கள், இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி பெயர் துண்டு துண்டாகச் சிதறியது. முன்பாட்டுக்காரி எடுத்துக் கொடுக்காமல் பின்பாட்டு எழும்பாது. அவர் சொல்லாத சொல்லை இருபது பேரும் ஒரே நொடியில் சொல்ல வேண்டும். அதற்குப் பாட்டே பிடரியைப் பிடித்துத் தள்ள வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரு களஞ்சியமும் ஒரு ஒட்டுப்போட்ட சிங்கமும்.

மறுநாள் அந்த யோசனையிலேயே சரக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். நல்ல கட்டை ஒன்றைக் கழிவில் போட்டுவிட்டேன் போல. மல்லிகா கத்தினாள். "பாட்டு சாரு, அது வளஞ்சது இல்ல, நல்லாத்தான் இருக்குது. வளஞ்சி இருந்தா தரையில வச்சா ஆடும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. வளஞ்சி.

ஒரு நாளைக்கு நூறு தரம் அந்தச் சொல்லைக் கேட்கிறேன், நானே சொல்கிறேன். என் நோட்டில் அது இல்லை. ஏனென்றால் நோட்டில் இருந்ததெல்லாம் புத்தகத்துச் சொற்கள், பேச்சை நான் சொல்லாகவே மதித்ததில்லை. "அக்கா, வளஞ்சி மாதிரி இன்னும் என்னென்ன இருக்குது?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம்.

"அரிசி களஞ்சி ஒலையில போடுறதில்ல?" என்றார் ஒருவர்.

"மண்ண அளஞ்சி பெசையிறது?" என்றாள் மும்தாஜ்.

"கம்பு வெளஞ்சி நிக்கிது!"

அளஞ்சி, களஞ்சி, வளஞ்சி, வெளஞ்சி. மண்ணைக் கையால் அளைந்து, கல்லும் தூசியும் களைந்து, வளையாமல் வேகவைத்து, விளைந்ததை வெளியே எடுப்பது. எங்கள் ஷெட்டில் காலை முதல் சாயங்காலம் வரை நடக்கிற வேலை முழுவதும் அந்தப் பெயரோடு ஏற்கனவே ஜோடி போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறது. எட்டுப் பஸ் பயணம் தேடியவன் இதன் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். மொழி எவ்வளவு பெரியது, நான் எவ்வளவு சின்ன நோட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கும் நினைத்தால் அதே பிரமிப்பு.

பாட்டை அரை மணி நேரத்தில் எழுதினேன். எழுதினேன் என்பதுகூடப் பொய். அடுக்கினேன்.

*கால் மிதிச்ச மண்ணளஞ்சி
கல்லு தூசி எல்லாங் களஞ்சி
வேகையில போகாம வளஞ்சி
வெள்ளிபோல வந்துச்சி வெளஞ்சி
காத்து நிக்கிற சாமி யாரு?*

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தாளில் வெறும் கோடு. பெயரை நான் எழுதவே இல்லை.

ஆயுத பூஜையன்று ஷெட்டையே கழுவிவிட்டு, அச்சு மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூளை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரியும் கடலையும் தாம்பாளத்தில் குவிந்திருந்தன. காலை பதினொரு மணி இருக்கும். சூளையைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக நின்றார்கள். நான் முதலாளிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

தனம் அக்கா எடுத்தார். 'மண்ணளஞ்சி' என்றதும் இருபது பேர் வாங்கினார்கள். 'களஞ்சி'. வாங்கினார்கள். 'வளஞ்சி', 'வெளஞ்சி' என்று ஒவ்வொன்றாக ஏற, கைதட்டும் ஏறியது. 'காத்து நிக்கிற சாமி யாரு?' என்று கேட்டுவிட்டு அக்கா சட்டென்று நிறுத்தினார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார்.

ஒரு நொடிகூட இல்லை. "கொளஞ்சி!" என்று இருபது வாயும் ஒரே வாயாகச் சொன்னது. ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. பெண்கள் மட்டுமில்லை, முதலாளி சொன்னார், சூளைக்காரர் சொன்னார், பாட்டை அதுவரை கேட்டேயிராத டீக்கடைக்காரர் வாசலில் நின்று சொன்னார். நானும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலு எதுகை சேர்ந்து இழுத்தால் ஐந்தாவது தானாக வந்துதான் ஆக வேண்டும் என்பதைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தும் நான் அறிந்ததில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் அக்கா நிறுத்த, அந்தப் பெயர் வந்து விழுந்தது. ஏழெட்டுச் சுற்றுப் பாடினார்கள். மூன்றாவது சுற்றிலிருந்தே அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் பிசகவில்லை.

முடிந்ததும் பொரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். மறுபடியும் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேனோ என்று பயம். "என்னாங்கா, அழுதுட்டீங்க" என்றேன்.

"எட்டு மாசமாச்சி தம்பி, அந்தப் பேர யாரும் இப்பிடி வாய் நெறையச் சொல்லி" என்றார். "நானும் சொல்ல முடியாது. எங்க வூட்ல எம் மனசு நோவுமேன்னு யாரும் எடுக்க மாட்டாங்க. சாமி பேரு சொன்னாக்கூட என்னப் பாத்ததும் நிறுத்திக்குவாங்க. இன்னிக்குத்தான் அத்தினி பேரும் கூப்புட்டாங்க. அவரு இருந்தா கேட்டிருக்கும்."

கையிலிருந்த பொரியை அவர் முந்தானையில் கொட்டினேன்.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள். ஆபீஸ் போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். கரகரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல், "ஹலோ, தனலட்சுமி வேல செய்யிற எடங்களா? நான் கொளஞ்சி பேசுறேன்" என்றது.

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். அக்காவிடம் போய் நின்றேன். "அக்கா, போனு... அளஞ்சி, களஞ்சி..." என்று உளறினேன். அவர் அதற்குள் என்னைத் தாண்டி ஓடியிருந்தார். முதல் வேலை கைவிட்டுப்போய், பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல் எங்கெங்கோ அலைந்திருக்கிறார் மனிதர். இப்போது ஒரு இடம் கிடைத்துவிட்டதாம். பாட்டுதான் இழுத்துக்கொண்டு வந்தது என்று மல்லிகா கடைசி வரை அடித்துச் சொன்னாள். பிராதுதான் என்றார் முதலாளி. நான் எந்தக் கட்சி என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை. தனம் அக்கா மறு வாரமே மணவாளநல்லூர் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ரேஷன் கடையிலோ பிள்ளையின் ஸ்கூலிலோ யாராவது வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், அக்கா சிரித்துக்கொண்டே "அளஞ்சி, களஞ்சி, வளஞ்சி, வெளஞ்சி..." என்று நிறுத்துவார். கூடப் போன மல்லிகாவோ மும்தாஜோ மீதியைச் சொல்வார்கள். யாரும் கூட இல்லாவிட்டாலும், வரிசையில் நிற்கிற எந்தப் பெண்ணாவது சொல்லிவிடுவாளாம். அந்த நாலு சொல்லுக்குப் பிறகு வேறெதுவும் வர முடியாது, இல்லையா?

எனக்கு அதற்கப்புறம் சினிமாவும் வரவில்லை, நோட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. கடலூருக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகிவிட்டேன். என் மனைவி என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கோபம் வந்தால் அதையும் பாதியாகச் சுருக்கி. அதனால் என் ஆயுசு எவ்வளவு குறைந்ததோ. சர்க்கரையால் குறைந்ததைவிட அதிகம் இருக்காது. எங்கள் கம்பெனி இருந்த ஷெட்டில் இப்போது கார் கழுவுகிறார்கள். மல்லிகா மகனோடு திருப்பூர் போய்விட்டாள். மும்தாஜ் எங்கே என்று தெரியவில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் தனம் அக்காவைப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். போன வருஷம், நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. உதவித்தொகைக்கு எழுதிப்போட ஆபீசுக்குப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பெண். 'உங்க ஹஸ்பண்ட் பேரு சொல்லுங்கம்மா' என்றிருக்கிறாள்.

"பழக்கதோசம் தம்பி. அளஞ்சி, களஞ்சி, வளஞ்சி, வெளஞ்சின்னுட்டு நிறுத்திட்டேன். அது பாவம், என்னாம்மா சொல்றீங்கன்னு என் மொகத்தப் பாக்குது. நல்ல பொண்ணுதான். திரும்பிப் பாத்தேன். பின்னால பத்துப் பேரு வரிசையில நிக்கிறாங்க, எல்லாரும் போனப் பாத்துக்கிட்டு. ஒருத்தரும் எடுத்துக் குடுக்கல."

"அப்புறம்?"

"அப்பறம் என்னா, நானேதான் சொன்னேன். இனிமே கொறைய என்னா இருக்குது?"

என்ன சொன்னார் என்பதை எனக்கும் சொல்லிக் காட்டினார், சத்தமாகவே, அந்தப் பழைய குரலில். "கொளஞ்சி." அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தரம். திட்டக்குடி பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.